பெய்ஜிங்கில் மலிவு விலை பெருஞ்சுவர் டூர் பஸ்ஸில் ஏறாதீர்கள்

சீனப் பெருஞ்சுவர் மேல் ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. அதற்காகவே போன செப்டம்பரில் பெய்ஜிங் போனோம்.

ச்சியான்மென் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். பெருஞ்சுவரின் பாதாலிங் பகுதி, மிங் மன்னர்களின் கல்லறைகள், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 120 யுவான். பாதாலிங் நுழைவுச்சீட்டு மட்டுமே 40 யுவான். மிச்சப் பணத்தில் இவ்வளவும் எப்படிக் கட்டுப்படியாகும் என்று நான் கணக்குப் போடவில்லை. நீங்கள் போடுங்கள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பிய பஸ் முதலில் நின்றது ஒரு ஜேட் கல் கடையில். இரண்டு வளையல்களை ஒன்றோடொன்று தட்டி, கணீரென்று சத்தம் வந்தால் அசல் என்று காட்டினார்கள். விற்கும் பெண் பேசிக்கொண்டே அம்மாவின் கையில் சோப்பு நுரையைத் தடவி ஒரு வளையலை ஏற்றிவிட்டார். அப்புறம் அது கழலவே இல்லை. இழுக்க இழுக்கப் புறங்கை சிவந்து வீங்கியது. சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு 1,800 யுவான் என்றார்கள். அம்மா கண் கலங்கியதைப் பார்த்ததும் 900 கொடுத்துவிட்டேன்.

அடுத்து தேயிலைக் கடை, பட்டு ரஜாய் கடை. கல்லறைகளை பஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டியதோடு சரி. சுவருக்குப் போனபோது மணி இரண்டரை. ஐம்பது நிமிடத்தில் திரும்ப வேண்டும் என்றார் கைடு. படிகள் செங்குத்து, ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரம். அம்மாவால் ஒரு காவல் கோபுரம் வரைதான் ஏற முடிந்தது.

இரவு ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் எங்கள் டிக்கெட்டைப் படித்துவிட்டு, "இது பாதாலிங் இல்லை, ஷுய்குவான்" என்றார். அதுவும் பெருஞ்சுவரின் ஒரு பகுதிதான், பாதாலிங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் சொன்ன இடம் அது இல்லையே! நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு எத்தனையோ முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

பாதாலிங் போக டூரே தேவையில்லை. பெய்ஜிங் வடக்கு அல்லது ச்சிங்ஹே நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரம். டிக்கெட் எடுக்க பாஸ்போர்ட் வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்களுக்குப் பெருஞ்சுவரின் இன்னொரு பகுதியான முதியான்யு நல்லது. அங்கே கேபிள் கார் சுவரின் 14-ஆம் காவல் கோபுரத்தின் அருகிலேயே இறக்கிவிடும்.

குறைந்த விலை காட்டிக் கூட்டிப்போய்க் கடைகளில் பணம் பார்ப்பதை 2013-இல் வந்த சீனச் சுற்றுலாச் சட்டம் தடை செய்கிறது. பயணம் முடிந்து 30 நாட்களுக்குள், வாங்கிய பொருளைத் திருப்பி எடுக்கச் சொல்லி டூர் நடத்தியவரிடம் கேட்கலாம். அதற்கு பில் வேண்டும், டூர் நடத்தியவரின் பெயர் வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை.

டூரில்தான் போவேன் என்றால், சுவரின் எந்தப் பகுதி, எத்தனை கடைகள், அங்கே எவ்வளவு நேரம் என்று சீன மொழியில் எழுதி வாங்கி ஹோட்டலில் காட்டுங்கள். எழுதித் தரத் தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.