வெட்டி நடுவதா, பெயர்த்து நடுவதா, விட்டுவைப்பதா?

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் முள்ளோடையைத் தாண்டினால் நிர்வாகம் மாறிவிடுகிறது. மண்ணும் மழையும் மாறுவதில்லை. மேலே வேம்பு, பூவரசு, புங்கம், பனை. கீழே ஆவாரை, நொச்சி, நுணா, காரை, சங்கஞ்செடி என்று இரு பக்கமும் ஒரே தாவரக் கூட்டம்தான். சாலையை அகலப்படுத்தும்போதும் ஓரத்தைச் சுத்தம் செய்யும்போதும் இந்தக் கூட்டத்தை என்ன செய்வது? நம் கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் சமமாக வைத்துப் பேச எனக்கு மனமில்லை.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது: வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று. கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும். அந்தப் பத்தும் எங்கே, என்ன இனம், சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்று கேட்டால்தான் சிக்கல். சீக்கிரம் நிழல் தர வேண்டும் என்பதற்காகத் தென் அமெரிக்கத் தூங்குமூஞ்சியையும் மடகாஸ்கரின் குல்மோஹரையும் நட்டுப் பழகிவிட்டோம். அழகுக்காக வந்த வெளிநாட்டு மரமான கோனோகார்பஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025-இல் தடை போட வேண்டியிருந்தது. புதுச்சேரியின் கதை இன்னும் வேடிக்கை. அதன் மாநில மரம் நம் வில்வம். மாநில மலரோ தென் அமெரிக்காவிலிருந்து வந்த நாகலிங்கம். (புளியமரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலாளர்கள். இத்தனை நூற்றாண்டு நிழல் கொடுத்த மரத்தை, ஆண்டுதோறும் காய் ஏலம் விட்டுக் காசாக்கிய மரத்தை, அந்நியன் என்று நான் சொல்லப்போவதில்லை.)

இரண்டாவது வழி வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவது. செய்தித்தாளில் படம் நன்றாக வரும். ஆல், அரசு, அத்தி வகைகள் இதைத் தாங்கும். பூவரசுக்கு இந்தச் செலவே வேண்டாம், போத்து வெட்டி நட்டாலே தழைத்துவிடும். ஆழ வேர்விட்ட முதிய புளிக்கும் வேம்புக்கும் இது பெரும்பாலும் தாமதமான மரண தண்டனை. பனையும் அப்படித்தான். வளர்வதற்கு அதற்கு இருப்பது ஒரே குருத்து. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் அறிவித்ததன் நியாயம் ‘தானே’ என்ற புயலைப் பார்த்தவர்களுக்குப் புரியும். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தலை கலைந்தாலும் பனைகள் நின்றன.

மூன்றாவது, இருக்கிறதை இருக்கும் இடத்தில் விட்டுவைப்பது. செலவு குறைந்த இந்த வழிக்குத்தான் ஆதரவாளர் குறைவு. காரணம் கணக்கில் இருக்கிறது. சாலையோர மரத்துக்குப் பட்டை அடித்து எண் எழுதுகிறோம். காணாமல் போனால் கேள்வி வரும். நொச்சிக்கும் ஆவாரைக்கும் எண் கிடையாது. ஜேசிபி ஒரு மணி நேரத்தில் ஒரு பர்லாங் ஓரத்தை வழித்துவிட்டுப் போனால் கோப்பில் அதற்குப் பெயர் ‘புதர் அகற்றம்’, இழப்பு அல்ல. பத்துக் கன்று விதியும் இவற்றைத் தொடுவதில்லை. வழித்த இடத்தில் முதலில் குடியேறுவது சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும்தான். அடுத்த ஆண்டும் ஜேசிபிக்கு வாடகை எழுதலாம்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. 1991-ஆம் ஆண்டின் நாட்டுத் தாவரச் சட்டத்தின் கீழ் அங்குள்ள உள்ளாட்சி மன்றங்கள் சாலையோரத் தாவரங்களுக்கென மேலாண்மைத் திட்டம் எழுதுகின்றன. அரிய செடிகள் உள்ள பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் நீல நிற அடையாளம் நிற்கும். இயந்திரம் ஓட்டுபவருக்குத் தாவரவியல் தெரிய வேண்டியதில்லை, நிறம் தெரிந்தால் போதும். நாம் மரத்துக்கு அடிக்கும் பெயின்டை ஒரு கல்லுக்கும் அடிப்பதுதான் வேலை. எந்தத் துண்டு காக்கத் தக்கது என்று காட்ட, கோயில் காடுகளைப் பார்த்து வளர்ந்த முதியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நாட்டு இனங்களை நாற்றங்காலில் வளர்க்கும் ஆரோவில்காரர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

பாம்பு வரும், வளைவில் எதிர்வண்டி தெரியாது என்பார்கள். இரண்டும் உண்மை. வளைவிலும் வீடுகளை ஒட்டியும் கையால் முழங்கால் உயரத்துக்குக் கழிக்கலாம். வேரைத் தோண்ட வேண்டாம். மின்கம்பியின் கீழே உயரமான மரத்தை நட்டு, மழைக்காலம் நெருங்கும்போது மொட்டையடிப்பதைவிட அங்கே நொச்சிப் புதர் இருப்பது மின்துறைக்கும் நிம்மதி.

யார் செய்வது என்பதில்தான் இரு பக்கமும் தடுமாறுகின்றன. புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் இல்லை. அங்கே கிராமங்களின் உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தில் முறையிட வேண்டுமானால் ஆணையர்தான். கடலூர் மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மரம் வெட்டுவதைப் பரிசீலிக்க ஆட்சியர் தலைமையில் பசுமைக்குழு இருப்பது தமிழ்நாட்டுப் பக்கத்தின் சாதகம், ஆனால் அதுவும் மரத்தைத்தான் பார்க்கும். தேசிய நெடுஞ்சாலை உள்ளாட்சியின் கைக்கு எட்டாது. எனவே தொடங்க வேண்டிய இடம் புதுச்சேரிப் பக்கத்தில் பாகூர் ஏரியைச் சுற்றிய கிராமச் சாலைகளும், கடலூர் ஒன்றியத்தின் ஊராட்சிச் சாலைகளும். அவற்றில் அடுத்த ‘புதர் அகற்றம்’ ஆணை கையெழுத்தாகும் முன் கற்களை நட்டுவிட வேண்டும்.