வைரமும் கிராஃபைட்டும்: ஒரே கார்பன், இரண்டு கனிமங்கள்

வைரம், பென்சிலில் எழுதும் கருப்புப் பொருளான கிராஃபைட் இரண்டிலும் இருப்பது கார்பன் மட்டுமே. 1797இல் ஆங்கில வேதியியலாளர் ஸ்மித்சன் டென்னன்ட் வைரத்தை எரித்து, வெளிவந்த வாயுவை அளந்து, வைரமும் கார்பனே என்று நிறுவினார். வேறுபாடு முழுவதும் அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களுடன் முப்பரிமாணத்தில் பிணைந்திருக்கிறது. நழுவ இடமே இல்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் கடினம் 10. கிராஃபைட்டில் மூன்று அண்டை அணுக்கள்தாம். அணுக்கள் தாள்தாளாக அமைந்து, தாள்களுக்கிடையே பிடிப்பு மெலிந்திருப்பதால் தொட்டாலே விரலில் ஒட்டும். கடினம் 1 முதல் 2. மூன்று பிணைப்புகள் போக எஞ்சிய எலக்ட்ரான்கள் தாளுக்குள் உலவுவதால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். தூய வைரம் கடத்தாது. ஆனால் வெப்பத்தைச் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும். வைரத்தின் ஒளியைவிட இந்தக் குணமே எனக்குப் பெரும் வியப்பு.

கடினமானது உடையாது என்று நம்பிவிட வேண்டாம். சுத்தியலால் ஓங்கி அடித்தால் வைரம் பிளந்துவிடும்.

பெரும்பாலான வைரங்கள் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஆழத்திலும் அதற்குக் கீழும் பேரழுத்தத்தில் உருவாகி, கிம்பர்லைட் எரிமலைக் குழம்புடன் மேலே வந்தவை. கிராஃபைட் பெரும்பாலும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகளில் கிடைக்கிறது.

நகையை ஒதுக்கிவிட்டால், அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாதது கிராஃபைட்தான் என்பேன்: பென்சில், உயவுப்பொருள், லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின்முனை. பாறையைத் துளைக்கவும் கல்லை அறுக்கவும் மட்டும் வைரத்துக்கு ஈடில்லை.