காரணம் சொல்லும் தடை: இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் தீர்ப்புத் தொகுப்பு குறித்த மதிப்புரை

விளையாட்டு வீரர் ஒருவர் பொதுவெளியில் பிறரை இழிவுபடுத்தும்படி பேசினாலோ எழுதினாலோ, லீக் நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்வது சரியா என்ற கேள்வி எழும்போதெல்லாம், பேச்சுரிமை பறிபோகிறது என்று ஒரு சாராரும், கொடுத்த தண்டனை போதாது என்று மறு சாராரும் உடனே கட்சி கட்டிவிடுகிறார்கள். அந்த வீரர் முழுமையாக என்ன சொன்னார், எந்த விதி மீறப்பட்டது, அவர் தரப்பு விளக்கம் என்ன, தடை ஏன் மூன்று ஆட்டங்கள் என்று முடிவானது என்பதையெல்லாம் படித்துவிட்டு வாதிடுபவர்கள் மிகக் குறைவு. படிக்க விரும்புபவருக்கும் பல அமைப்புகள் சுருக்கமான அறிக்கையைத் தாண்டி எதுவும் தருவதில்லை. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் இதற்கு விலக்கு. தனது ஒழுங்கு ஆணையங்கள் எழுதும் தீர்ப்புகளைக் காரணங்களுடன், கட்டணமின்றி, தன் இணையதளத்தில் அது வெளியிடுகிறது. அந்தச் சேவையைப் பயன்படுத்தும் ஒரு ரசிகரின் மதிப்பீடு இது.

ஆவணங்களின் அமைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரியானது. ஆணைய உறுப்பினர்களின் பெயர்கள், குற்றச்சாட்டு, வீரர் அதை ஏற்றாரா மறுத்தாரா என்ற விவரம், சாட்சியங்கள், தண்டனையைக் கூட்டவும் குறைக்கவும் கருதப்பட்டவை, இறுதியில் தண்டனை, மேல்முறையீட்டு உரிமை என்று வரிசையாகச் செல்லும். இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ஈ3 என்ற விதியின் கீழ் வருகின்றன. அதன் முதல் பகுதி முறையற்ற, வசைபாடும், இழிவுபடுத்தும் சொற்களையும் நடத்தையையும் தடுக்கிறது. அந்தச் சொற்களில் இனம், நிறம், தேசியம், மதம், பாலினம், பாலியல் நாட்டம், மாற்றுத்திறன் போன்றவை பற்றிய குறிப்பு இருந்தால் மீறல் மேலும் கடுமையானது என்கிறது இரண்டாம் பகுதி. பேசிய பிறகு விதி தேடப்படவில்லை, பேசுவதற்கு முன்பே அது அச்சில் இருந்தது என்பதே இந்த முறையின் முதல் பலம்.

இரண்டாவது பலத்தை உணர, லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரெஸ் வழக்கின் தீர்ப்பைப் படிக்க வேண்டும். 2011 அக்டோபர் 15 அன்று ஆன்ஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவிடம் நிறத்தைக் குறிப்பிட்டு அவர் பேசியதற்கு எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்த அந்த ஆவணம் 115 பக்கங்கள் கொண்டது. பேச்சு களத்தில் நிகழ்ந்தது, பேட்டியிலோ வலைத்தளத்திலோ வந்ததல்ல என்றாலும், சொல்லுக்காக ஒருவரைத் தண்டிக்கும் முன் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எவ்ராவின் கையைக் கிள்ளியது பதற்றத்தைத் தணிப்பதற்காகவே என்ற சுவாரெஸின் விளக்கம், ஒளிப்பதிவை முன்வைத்து நடந்த குறுக்கு விசாரணையில் நிற்கவில்லை. தென் அமெரிக்க ஸ்பானிய வழக்கை அறிந்த நிபுணர்களின் கருத்தும் கேட்டுப் பதிவு செய்யப்பட்டது. தண்டனைக் கணக்கும் வெளிப்படையானது: வசைச் சொல்லுக்கான இரண்டு ஆட்டத் தடை, நிறத்தைக் குறிப்பிட்டதால் நான்காக இரட்டித்து, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது போன்ற காரணங்களால் எட்டாக உயர்ந்தது. லிவர்பூல் கழகம் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. மறுக்க விரும்பும் வாசகர், தீர்ப்பின் எந்தப் பத்தியில் தனக்கு உடன்பாடில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

ஆனால் இதே தொகுப்பில் என்னை மிகவும் உறுத்தும் தீர்ப்பும் இருக்கிறது. 2020 நவம்பரில் சவுத்தாம்ப்டன் அணியை வென்ற பிறகு, வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் மான்செஸ்டர் யுனைடெட்டின் எடின்சன் கவானி எழுதிய நன்றிக் குறிப்பில், நிறத்தைக் குறித்தாலும் அவரது நாடான உருகுவேயில் செல்லமாக வழங்கும் ஒரு விளி இருந்தது. அவர் பதிவை நீக்கினார், மன்னிப்புக் கேட்டார், குற்றச்சாட்டை எதிர்க்கவும் இல்லை. புண்படுத்தும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதை ஆணையமே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் மூன்று ஆட்டத் தடை, 1,00,000 பவுண்டு அபராதம், கட்டாயப் பயிற்சி வகுப்பு. சமூக வலைத்தளப் பதிவுகளுக்குக் குறைந்தபட்சம் மூன்று ஆட்டங்கள் என்று அந்தப் பருவத்துக்கு முன் வகுக்கப்பட்ட வழிகாட்டுதல்தான் ஆணையத்தின் கையைக் கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, கறுப்பினச் சக வீரரின் சிறுவயதுப் படத்தை ஒரு மிட்டாய் உறையில் உள்ள கறுப்பு உருவச் சித்திரத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்த பெர்னார்டோ சில்வாவுக்குக் கிடைத்தது ஓர் ஆட்டத் தடையும் 50,000 பவுண்டு அபராதமும். இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் எவருக்கும், நண்பருக்கு நன்றி சொன்னவர் நண்பரைக் கேலி செய்தவரைவிடக் கூடுதலாகத் தண்டிக்கப்பட்டது நெருடும். கீழ்வரம்பு வைத்தால் பாரபட்சம் குறையும் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோக்கத்தை ஆராய்வதற்காகவே கூட்டப்பட்ட ஆணையத்திடமிருந்து, நோக்கத்துக்கு ஏற்பத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டால், மிச்சமுள்ள விசாரணை சடங்காகிவிடும். சங்கம் உடனே திருத்த வேண்டிய குறை இது.

பழைய பதிவுகள் பற்றிய வழக்குகளிலும் சங்கத்தின் கை சற்றுக் கனமாகவே இருக்கிறது. 2016இல் பர்ன்லி அணிக்காக லிவர்பூலுக்கு எதிராகக் கோல் அடித்த ஆண்ட்ரே கிரே தன்பாலின ஈர்ப்புடையோரை இழிவுபடுத்தி 2012இல் எழுதிய ட்விட்டர் பதிவுகள், அந்த ஆட்டத்துக்குப் பின் வெளியே வந்தன. அவற்றை எழுதியபோது அவர் கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர். நான்கு ஆட்டத் தடையும் 25,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. இதற்கு மாறாக இங்கிலாந்து கிரிக்கெட்டின் ஒழுங்கு ஆணையம் 2021இல் ஆலி ராபின்சனை நடத்திய விதம் எனக்கு நியாயமாகப் படுகிறது. லார்ட்ஸ் மைதானத்தில் அவர் முதல் டெஸ்ட் ஆடிய நாளிலேயே பதின்ம வயதில் தொடங்கி எழுதிய இனவெறி, பெண் வெறுப்புப் பதிவுகள் வெளியாயின. விதிக்கப்பட்ட எட்டு ஆட்டத் தடையில் ஐந்து, இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. மீதி மூன்றும் அவர் ஏற்கெனவே தவறவிட்ட ஆட்டங்களில் கழிந்தன. 3,200 பவுண்டு அபராதத்தோடு அவர் உடனே களம் திரும்பினார். செய்தது தவறு என்பதும் பதிவானது, வளர்ந்துவிட்ட ஒருவரின் பிழைப்பும் பறிபோகவில்லை.

தீர்ப்பு எழுதும் வழக்கம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்தச் சேவையின் மதிப்பு முழுதாகத் தெரியும். 2019 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் பெண்களைப் பற்றி ஹார்திக் பாண்டியா கூறியவை கண்டனத்துக்கு உள்ளானபோது, அவரும் உடனிருந்த கே.எல். ராகுலும் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விசாரணை முடியும்வரை இடைநீக்கம் செய்யப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். பேச்சு கண்டிக்கத்தக்கதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விசாரிக்க வேண்டிய, கிரிக்கெட் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் அப்போது நியமிக்கப்பட்டிருக்கவே இல்லை. இரண்டு வாரங்களுக்குள் இடைநீக்கம் விலக்கப்பட்டது. பின்னர் நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே. ஜெயின் ஏப்ரலில் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னார். தண்டனை முதலில், விசாரணை பிறகு என்ற இந்த வரிசை எந்த லீக்குக்கும் பெருமை சேர்க்காது.

அமெரிக்காவில் 2022 நவம்பரில் புரூக்ளின் நெட்ஸ் கூடைப்பந்து அணி, யூத வெறுப்புக் கருத்துகள் கொண்ட படத்தின் இணைப்பைப் பகிர்ந்த கைரி இர்விங்கை ‘ஐந்து ஆட்டங்களுக்குக் குறையாமல்’ ஊதியமின்றி நீக்கியது. முடிவில் அவர் எட்டு ஆட்டங்களைத் தவறவிட்டார். மேல்வரம்பு சொல்லப்படாத தடை, வீரரை மட்டுமல்ல, அவரால் புண்பட்ட சமூகத்தையும் காத்திருக்க வைக்கிறது. பேஸ்பால் லீக்கில் அட்லாண்டா வீரர் ஜான் ராக்கர், நியூயார்க் ரயிலில் பயணிக்கும் மக்களைப் பற்றி 1999 டிசம்பரில் வெளியான பேட்டியில் இழிவாகப் பேசியதற்கு, ஆணையர் பட் செலிக் அடுத்த பருவத்தின் மே 1 வரை தடையும் 20,000 டாலர் அபராதமும் விதித்தார். வீரர்கள் சங்கத்தின் முறையீட்டை விசாரித்த, தகராறு தீர்க்கும் நடுவர் ஷியாம் தாஸ், தடையைப் பருவத்தின் முதல் இரண்டு வாரங்களாகவும் அபராதத்தை 500 டாலராகவும் குறைத்தார். தனிமனிதர் ஒருவரின் கோபத்தில் பிறக்கும் தண்டனை, கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ள இன்னொருவர் முன் எவ்வளவு சுருங்கும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

எல்லாப் புண்படுத்தும் பேச்சும் இடைநீக்கத்துக்கு உரியதென்று நான் கருதவில்லை. 2012இல் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பாராட்டிப் பேசியதற்காக மயாமி மார்லின்ஸ் பேஸ்பால் அணி தன் மேலாளர் ஆஸி கியேனை ஐந்து ஆட்டங்களுக்கு நீக்கியது. கியூபாவிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் நிறைந்த நகரில் அந்தச் சொற்கள் ஆழமாகக் காயப்படுத்தியிருக்கும் என்பது உண்மை. ஆயினும் அது ஓர் ஆட்சியாளரைப் பற்றிய கருத்து, மனிதரைப் பிறப்பால் தாழ்த்தும் வசை அன்று. ஈ3 விதியின் இரண்டாம் பகுதி இந்த எல்லைக்கோட்டை ஓரளவு தெளிவாகப் போட்டிருக்கிறது. மற்ற லீக்குகள் இங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது அந்தக் கோடுதான்.

பயன்பாட்டு வசதியில் சேவைக்கு நடுத்தர மதிப்பெண்தான் தரலாம். கோப்புகள் பிடிஎஃப் வடிவில், சட்ட நடை ஆங்கிலத்தில் உள்ளன. முன்பக்கத்தில் ஒரு பத்திச் சுருக்கம் இருந்தால் சாதாரண ரசிகர் பாதி வழியில் திரும்பிப் போகமாட்டார். குற்றச்சாட்டாகவே மாறாத பேச்சுகள் பற்றி இத்தொகுப்பிலிருந்து எதையும் அறிய முடியாது என்பது அதைவிடப் பெரிய குறை. ஒருவர் மீது நடவடிக்கை எடுக்காமல் விட்டதற்கும் காரணம் எழுதப்பட்டால், பெரிய பெயர்களுக்குச் சலுகை என்ற புகாரை ரசிகர்களே சரிபார்த்துக்கொள்ளலாம். புதிதாக வருபவர்கள் கவானி தீர்ப்பில் தொடங்குங்கள். ஒரே மாலையில் அதைப் படித்துவிடலாம். சுவாரெஸ் தீர்ப்பை அதன் பிறகு, முதல் பக்கத்திலிருந்து, எதையும் தாண்டாமல் படியுங்கள்.