காருக்கு அடியில் கட்டும் பனி: ஹொக்கைடோவில் ஆறு டிசம்பர்

2017 டிசம்பர் பள்ளி விடுமுறையில் முதல்முறையாக ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் வாடகைக் கார் எடுத்தேன். கொவிட் காலத்தில் இரண்டு வருடம் விட்டுப்போனது. அது போக 2024 வரை ஆறு குளிர்காலம் அங்கே ஓட்டியாயிற்று. இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்கில் மட்டுமே மூன்று குடும்பங்கள் என்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரோடு ரொம்ப வழுக்குமா?" வழுக்கும். ஆனால் குளிர்கால டயர் போட்டுத்தான் வண்டியைத் தருகிறார்கள். நம்மைப்போல அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நிதானமாகப் போனால் சமாளித்துவிடலாம். என்னை உண்மையில் படுத்தியது வண்டிக்கு அடியில் கட்டிக்கொள்கிற பனிக்கட்டி. முதல் பயணத்துக்கு முன்னால் அதைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த முதல் வருடம் நியூ சித்தோசே விமான நிலையத்தில் ஒரு சின்ன ஃபோர் வீல் டிரைவ் காரை எடுத்து அசாஹிகாவா பக்கம் கிளம்பினோம். சாலை முழுக்கக் கூழ்போலச் சாம்பல் நிறச் சேற்றுப்பனி. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ஓய்விடத்தில் வண்டியைத் திருப்பினால் ஸ்டியரிங் பாதிக்கு மேல் வரவில்லை. முன்பக்கம் 'கரக் கரக்' என்று சத்தம். "என்னங்க, டயர் ஏதும் கழண்டுக்கிச்சா?" என்று மனைவி பயந்துவிட்டாள்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தாராளமாகக் கை போக வேண்டும். ஒரு விரல்கூடப் போகவில்லை. உள்ளே பழுப்பும் கறுப்புமாகப் பனி பாறைபோல இறுகிக் கிடந்தது. டயர் உரசிய இடம் மட்டும் இழைத்த மரம்போல வழவழவென்று, டயரின் வளைவிலேயே செதுக்கி வைத்தமாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் ஒரு ரப்பர் சுத்தியலை எடுத்துவந்து ஓரமாக நாலு தட்டுத் தட்டினார். தேங்காய் மூடி அளவுக் கட்டிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கைகூப்பினேன், அவர் தலைகுனிந்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இது எப்போது கட்டும் என்பது எனக்குப் பிடிபட மூன்று வருடம் ஆனது. கடுங்குளிரில்தான் மோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மைனஸ் பதினைந்தில் பனி மாவுபோல உலர்ந்திருக்கும், அவ்வளவாக ஒட்டாது. பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற நாள்தான் ஆபத்து. பனியை உருக்கச் சாலையில் உப்பும் தூவுகிறார்கள். பனி சேறாகிறது, டயர் அதை மேலே வாரி அடிக்கிறது, குளிர்ந்த பிளாஸ்டிக்கில் அது படிகிறது, படிந்ததன் மேலேயே அடுத்த படிவம் ஏறுகிறது. சாயங்காலம் குளிர் இறங்கியதும் எல்லாம் ஒன்றாக இறுகிவிடும். ஒரு லிட்டர் பனிக்கட்டி ஏறக்குறைய 900 கிராம். நான்கு சக்கரத்துக்கும், அடியில் தொங்குகிற பிளாஸ்டிக் தட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தட்டின் கிளிப் ஒன்று எனக்கு ஒருமுறை எடை தாங்காமல் விட்டுப்போனது.

அதனால் இருட்டுவதற்குள் தட்டிவிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வேலை மூன்று மடங்கு. 2019இல் அப்படி விட்டுவிட்டு, மறுநாள் காலை வண்டியில் இருந்த இரும்பு ஸ்பானரால் குத்தினேன். குளிரில் பிளாஸ்டிக் மொறமொறப்பாக இருக்குமே, மட்கார்டின் உள்தட்டு வெடித்துவிட்டது. பணம் கட்டினேன். நல்லவேளையாக அந்தப் பக்கம் போகிற பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் தப்பின. அடுத்த பயணத்துக்கு இங்கே முஸ்தபா கடையில் ரப்பர் சுத்தியல் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு கீறல்கூட இல்லை.

வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். 2022இல் மச்சான் விடுதிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வேணாம் மச்சான், மறுபடி உறைஞ்சிடும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊற்றிவிட்டார். அந்தத் தண்ணீர் பிரேக் பக்கம் இறங்கி உறைந்து, ஒரு பின்சக்கரம் சுற்ற மறுத்தது. அரை மணி நேரம் போயிற்று. கைபிரேக்கும் அப்படித்தான், போட்டுவிட்டு இரவு நிறுத்தினால் காலையில் பிடித்தபடியே நிற்கும். சமதரையில் கியரை 'பி'யில் (பார்க்) வைத்தால் போதும். சில புது வண்டிகளில் எஞ்சினை நிறுத்தினால் கைபிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போதே அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுபது, எழுபதில் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினால் உடனே டயரைச் சந்தேகப்பட வேண்டாம். சக்கரத்தின் உள்வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் பனி உறைந்திருக்கும், சுரண்டி எடுத்தால் நடுக்கம் போய்விடும். முன்பக்க ரேடாரைப் பனி மூடினால் குரூஸ் கண்ட்ரோலும் தானியங்கி பிரேக்கும் வேலை செய்யாது, துடைத்தால் திரும்பிவிடும். கட்டிகளைத் தட்டிய பிறகு சாலையில் விடாமல் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். முன்னால் போன வேனிலிருந்து விழுந்த கட்டி ஒன்றை நான் மயிரிழையில் தவிர்த்தேன். அன்று விரைவுச்சாலையில் வேகவரம்பை ஐம்பதாகக் குறைத்திருந்தார்கள். நம் தீவு விரைவுச்சாலை வேகத்தில் வந்திருந்தால் தப்பியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. இரவு பனி கொட்டியிருந்தால் எஞ்சினைப் போடும் முன் பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றி அள்ளிவிடுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது. பிள்ளைகளை வண்டியில் உட்காரவைத்து ஹீட்டரைப் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு, ஆகவே சொல்கிறேன்.

இப்போதெல்லாம் விலை கூடினாலும் தரையிலிருந்து உயரமான வண்டியாகத்தான் எடுக்கிறேன். பனி கட்டுவது என்னவோ அதிலும் கட்டுகிறது. ஆனால் டயருக்கு மேலே இடம் அதிகம், குனியாமலே பார்க்க முடிகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மகன் இரண்டு பக்கம், நான் இரண்டு பக்கம், ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போகிறோம்.