புதுச்சேரியில் "ஷாம்பெயின் டூர்" என்று கூப்பிட்டால் முன்பணம் அனுப்பாதீர்கள்

ஒயிட் டவுனில் ஒரு பழைய வீட்டை வைத்துக்கொண்டு "மூன்று தலைமுறை பிரெஞ்சுக் குடும்பத்தின் ஷாம்பெயின் நிலவறை, சுற்றிக் காட்டுகிறோம், நாலு வகை ருசி பார்க்கலாம், சீஸ் உண்டு" என்று இன்ஸ்டாவில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரை இங்கே போடவில்லை. ஆளுக்கு 1,800 ரூபாய், முழுப் பணமும் முதலிலேயே ஜிபே செய்ய வேண்டும், அதுவும் கடைப் பெயரில் இல்லாமல் ஏதோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு. இந்த ஒன்றைக் கண்டாலே விலகிவிடுங்கள்.

நாங்கள் கடலூரிலிருந்து போனோம், நான், மனைவி, பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்த மச்சான், அவர் மனைவி. மச்சானின் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர், குடும்பமே அங்கே குடியேறிவிட்டது. மச்சானுக்கு ஷாம்பெயின் தயாராகும் பிரெஞ்சு வட்டாரத்து ஊரான எபெர்னே பக்கம்தான் வேலை, சீசனில் திராட்சை பறிக்கவும் போயிருக்கிறார். அவர் கூட இல்லாவிட்டால் எங்களை இன்னும் நன்றாகவே ஏமாற்றி அனுப்பியிருப்பார்கள்.

முதலில் நிலவறை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும் மண்ணில் நிலவறையா என்று எனக்கு முன்பே சந்தேகம்தான். நாலு படி ஏறி (இறங்கி இல்லை, ஏறி!) ஒரு ஏசி அறைக்குக் கூட்டிப் போனார்கள். சுவரில் செங்கல் மாதிரி பெயிண்ட். எபெர்னேயில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் வைத்திருக்கிறார்கள், வருஷம் முழுக்க 10, 12 டிகிரிதான், ஏசியே வேண்டாம் என்று மச்சான் எங்கள் காதில் மட்டும் சொன்னார்.

அறை நடுவில் ஓட்டை போட்ட மரப்பலகை, அதில் பாட்டில்களைக் கழுத்து கீழாகச் செருகியிருந்தார்கள். இது நிஜமாகவே உள்ள முறைதான். ஒயினைப் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விட்டால் வாயு உள்ளேயே தங்கிவிடும், செத்த ஈஸ்ட் மண்டியாகப் படியும். பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அந்த மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால் உள் அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். கார்க் போடுவது அதற்கு அப்புறம்தான், அதுவரை சோடா மூடிதான் இருக்கும். இங்கேயோ பலகையில் இருந்த அத்தனை பாட்டிலிலும் கார்க், கம்பி, தங்கக் காகிதம் எல்லாம் ரெடி. மச்சான் ஒன்றை உருவி என்னிடம் நீட்டி, "மாமா, தூக்கிப் பாருங்க" என்றார். நிறைந்த பாட்டில் என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்க வேண்டும். அது காலி. மேலே ஒட்டியிருந்த தூசியைத் தேய்த்தால் விரலில் மாவு மாதிரி வந்தது.

சுற்றிக் காட்டிய பையன் நல்ல பையன்தான், மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். பிரான்சிலிருந்து சாறு வருகிறதாம், இங்கே ஆறு மாதத்தில் ஷாம்பெயின் தயாராம். ஷாம்பெயின் என்று பெயர் போட வேண்டுமென்றால் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்துத் திராட்சையாக இருக்க வேண்டும், அங்கேயே பாட்டிலில் அடைத்திருக்க வேண்டும், குறைந்தது 15 மாதம் வைத்திருக்கவும் வேண்டும். மச்சான் பிரெஞ்சில் ஏதோ கேட்டார், பையன் "ஓனர் வருவார் சார்" என்றதோடு சரி. ஓனர் வரவே இல்லை.

ருசி பார்ப்பது பெரிய கூத்து. பாட்டிலை எங்கள் முன்னால் திறக்கவில்லை, திரைக்குப் பின்னாலிருந்து ஊற்றிய கிளாஸ்கள் வந்தன. நாலு வகை என்றது மூன்றாகியிருந்தது, சீஸ் என்றது டப்பா சீஸ் துண்டு. குமிழி வாயில் வைப்பதற்குள் அடங்கிவிட்டது, குடித்தால் பன்னீர் சோடா. பாட்டிலைக் காட்டச் சொல்லி நாங்கள் அடம்பிடித்த பிறகு ஒன்று வந்தது. லேபிள் ஓரம் தூக்கிக்கொண்டிருந்ததால் மனைவி நகத்தால் உரித்துவிட்டாள். அடியில் வேறு லேபிள், வாயு ஏற்றிய ஒயின் என்று ஆங்கிலத்தில் அச்சடித்தே இருந்தது! நம் நாட்டு ஒயினைக் குறை சொல்லவில்லை, நாசிக் பக்கம் பாட்டிலிலேயே நொதிக்கவிட்டு முறையாகச் செய்கிறார்கள். அதையே அதன் சொந்தப் பெயரில் கொடுத்திருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது இன்னொன்று. ஜோடிக்கு ஒரு பாட்டில் கட்டாயமாம், 4,500 ரூபாய், பில் கிடையாது. பாண்டி பாட்டிலோடு தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற ஆல்பேட்டை செக்போஸ்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கடலூர்க்காரனிடமே வந்து விற்கிறார்கள். வாங்க முடியாது என்றதும் கதவருகே இரண்டு பேர் வந்து நின்றார்கள். மச்சான் போனில் வீடியோ எடுக்கத் தொடங்கிய பிறகுதான் விலகினார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், "பாலிசி இல்லை" என்றார்கள், அன்று ராத்திரியே என் நம்பரைத் தடுத்தும் விட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், லேபிள் படத்தோடு புதுச்சேரி கலால் துறைக்கும் எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இதே மாதிரி பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், சேர்த்துக் கொடுத்தால் புகாருக்குக் கொஞ்சம் வலு இருக்கும்.