மடிப் பாட்டா, அட்டைப் புத்தகமா, போனா? கைக்குழந்தைக்கு எது, எப்போது

முதல் ஐந்தாறு மாதத்துக்குப் பாட்டுதான். பச்சிளங் குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் போட்டுக்கொண்டு குனிந்து பாடுகிறவரின் முகம் சரியாக அந்தத் தூரத்தில் வந்து நிற்கிறது. எந்தப் படத்தையும்விட அசைகிற அந்த முகத்தைத்தான் குழந்தை கவனிக்கும்.

பாடும் முறையில் கவனம் வேண்டும். ஒரே பாட்டை மூன்று நான்கு முறை மெதுவாகப் பாடுங்கள். நன்றாகப் பழகிய பிறகு கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த இடைவெளியில் குழந்தை காலை உதைக்கும், ‘ஆ’ என்னும். அதுதான் அதன் பதில். பலரும் காத்திருக்காமல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். கழுத்து நிற்கும்வரை ஆட்டும்போது தலைக்குக் கை கொடுக்க வேண்டும். பால் குடித்த உடனே ஆட்டினால் கக்கிவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ முதுகை வளைத்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

கைதட்டும் சப்பாணிப் பருவத்தைப் பிள்ளைத்தமிழ் ஒன்பதாம் மாதத்தில் வைக்கிறது. இன்றும் பெரும்பாலான குழந்தைகள் அந்த வாக்கில்தான் கைகொட்டத் தொடங்குகின்றன. கைவீசல், பருப்புக் கடைதல் போன்ற விளையாட்டுப் பாட்டுகளுக்கு அதுவே நல்ல நேரம்.

ஆனால் பாட்டில் ஒரு குறை உண்டு: திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான் வரும். தர்மபுரியில் வளரும் குழந்தைக்குக் கடலும் கப்பலும் ஒட்டகமும் வீட்டுப் பேச்சில் வரப்போவதில்லை. புத்தகம்தான் கொண்டுவர வேண்டும். ஆறு மாதத்துக்குமேல் கனத்த அட்டைப் புத்தகம் கொடுக்கலாம். முதலில் கடிக்கும், கடிக்கட்டும். பக்கத்துக்கு ஒரு படம் போதும். முதல் புத்தகத்தில் மட்டும் மாங்காய், கோழி, புளியமரம், சொம்பு என்று வாசலில் இருப்பவையே இருக்கட்டும். படத்தைக் காட்டிய கையோடு நிஜத்தையும் காட்ட முடியும்.

கடைப் புத்தகத்துக்கு மாற்றாக வீட்டிலேயே செய்யலாம். சேலைப் பெட்டி அட்டையில் 15 செ.மீ. சதுரமாக ஆறு துண்டு வெட்டினால் பன்னிரண்டு பக்கம். மூலைகளை வளைவாக நறுக்கி, படங்களையும் வீட்டாரின் போட்டோக்களையும் ஒட்டி, முழுப் பக்கத்தையும் அகல செலோடேப்பால் மூடுங்கள். ஓரத்தில் மட்டும் ஒட்டினால் எச்சிலில் பிரிந்து வாய்க்குள் போகும். ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், நூலும் வேண்டாம்; துணி டேப்பால் இணையுங்கள். மைதாப் பசையைப் பூச்சி அரிக்கும்.

துணிப் புத்தகம் துவைக்கலாம் என்பது தவிரப் பெரிய லாபமில்லை. மெல்லிய தாள் கதைப் புத்தகம் இரண்டு வயதுக்குப் பக்கத்தில் போதும். அதற்குமுன் கிழிவதுதான் நடக்கும், அதற்காகத் திட்டினால் குழந்தை புத்தகத்தையே ஒதுக்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் எந்த மொழியில் சொல்வது என்ற கேள்வி வரும். அவ்வா (தெலுங்குப் பாட்டி) தெலுங்கில் பாடினால் தெலுங்கிலும், அஜ்ஜி (கன்னடப் பாட்டி) கன்னடத்தில் பாடினால் கன்னடத்திலும் பாடட்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. புத்தகத்திலும் இது தடையில்லை. எழுத்துத் தெரியாத பாட்டி படத்தைப் பார்த்துத் தன் மொழியில் கதை சொல்வது, வரிக்கு வரி வாசிப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுக் கதைகள் இலவசம், அச்சிட்டும் கொள்ளலாம்.

போனில் ஓடும் பாட்டு வீடியோ இந்த வரிசையில் கடைசி. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. குழந்தை நிறுத்தினால் வீடியோ நிற்காது, சிரித்தால் திருப்பிச் சிரிக்காது. பெங்களூருக்கு வேலைக்குப் போன அப்பா வீடியோ காலில் பாடுவது வேறு கணக்கு. அவர் குழந்தையைப் பார்த்துப் பதில் தருகிறார். அந்த நேரத்தில் இங்கே ஒருவர் அதே அட்டைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்தைத் திருப்பலாம்.