தடியில் நிற்கும் கூடாரம்: பழனி நடைக்கு ஆகுமா?

இந்தக் கூடாரத்துக்குச் சொந்தக் கம்பி கிடையாது. பகலில் ஊன்றி நடக்கிற கைத்தடிகள் இரண்டையும் ராத்திரி காலாக நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் எடை ஒரு கிலோ சொச்சம். விலை 5,800 ரூபாய். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தபோது நான்கு ராத்திரி இதற்குள் படுத்தேன்.

யோசனை பழையது. ஆல்பர்ட் மம்மரி என்ற இங்கிலாந்து மலையேறி பனிக்கோடரிகளையே காலாக நட்டுக் கூடாரம் போட்டவர். அந்த வகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. டோவரில் தோல் பதனிடும் தொழில். கிட்டப்பார்வை, பாரம் தாங்காத முதுகு. அப்படிப்பட்டவருக்கு எடைதானே முதல் கவலை! அளவுக்கு மீறிச் சேமித்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஹாப்சன் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து 1889-ல் ஒரு புத்தகமும் எழுதினார். எங்கள் ஐயா காதில் விழுந்திருந்தால் திண்ணையில் உட்கார விட்டிருக்க மாட்டார்.

1895-ல் மம்மரி இமயமலையில் உள்ள நங்க பர்வதத்துக்குப் போனார். உயரம் 8,126 மீட்டர். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் ஏறப் பார்த்த முதல் குழு அவர்களுடையது. மலையின் டயமிர் பக்கம் ஏறிக்கொண்டிருந்தபோது கூட ஏறிய ரகோபிர் தாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, இறங்கிவிட்டார்கள். ஆகஸ்ட் 24 அன்று அதே ரகோபிர், கோமன் சிங் என்ற இரண்டு கூர்க்கா வீரர்களோடு, ஒரு கணவாய் வழியாக ராகியோட் பக்கம் கடந்துவிடலாம் என்று கிளம்பினார். குழுவில் இருந்த மற்ற இரண்டு மலையேறிகள், காலியும் ஹேஸ்டிங்ஸும், மூட்டை முடிச்சோடு சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் மூவரும் வரவே இல்லை. பனிச்சரிவு வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். கூடாரத்தோடு வரும் முளை ஆணிகள் சுத்த மோசம். எங்கள் பின்கட்டுச் செம்புறாங்கல் தரையில் அடித்த அடியில் மூன்று வளைந்துவிட்டன. கொல்லுப்பட்டறையில் எட்டு ஆணி அடித்து வாங்கிய பிறகுதான் நின்றது. மாந்தோப்பில் பத்து நிமிஷத்தில் போட்டுவிடலாம். சத்திரத்துச் சிமென்ட் தளத்தில் ஒன்றும் நடக்காது, சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடன் நடந்த ஆச்சி ஒருவர், “இத்தனை பேர் சும்மா படுத்திருக்காகளே தம்பி, உனக்கு மட்டும் எதுக்கு வீடு?” என்று கேட்டார். விடிகாலையில் அவர் போர்வை மேலே நனைந்திருந்தது; என் போர்வையும்தான். தை மாசப் பனியில் மூச்சுக்காற்று துணியில் படிந்து உள்ளே சொட்டுகிறது. வாசல் ஜிப்பைப் பாதி திறந்து வைத்தால் கொஞ்சம் தேவலாம்.

ஒரு தையல் விட்டிருந்தது. விற்றவர்கள் மாற்றித் தந்தார்கள், ஆனால் மூன்று வாரம் ஆனது. நடைக்கு ஒரு மாசம் முன்பே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. நத்தம் தாண்டி ஒரு நடுராத்திரி, வெளியே நாய்கள். விரட்டலாம் என்று தடியைத் தேடினால் அதுதான் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.